பத்து சிகரெட்டுக்கு ஒரு சிப்பாய்



அச்சுக் கலையின் வரலாற்றில் யாரும் அதிகம் எட்டிப் பார்க்காத மூலை ஒன்றைப் பற்றி ஆண்டுக்கு ஒருவர் பேச வேண்டும் என்பது இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவின் நோக்கம். நான் எடுத்துக்கொண்ட மூலை மிகச் சிறியது. அதன் நீளம் இரண்டே முக்கால் அங்குலம், அகலம் ஒன்றரை அங்குலம். சீட்டுக்கட்டில் உள்ள ஒரு சீட்டை நடுவில் வெட்டினால் ஏறத்தாழ அந்த அளவு வரும். 1880களில் அமெரிக்காவில் சிகரெட் பெட்டிக்குள் வைத்துக் கொடுத்த வண்ண அட்டை அது. நடிகைகள், பறவைகள், நாட்டுக் கொடிகள், பேஸ்பால் ஆட்டக்காரர்கள் என்று பல வரிசைகள் வந்தன. அவற்றில் போர்வீரர்களும் தளபதிகளும் வந்த வரிசைகளை மட்டும் இன்று பார்ப்போம்.

என் தந்தை சிவகாசியில் ஒரு லித்தோ அச்சகத்தில் ஆர்ட்டிஸ்டாக வேலை பார்த்தவர். எந்தப் படத்தைக் கையில் கொடுத்தாலும் முதலில் லென்ஸை வைத்துப் புள்ளியைத்தான் பார்ப்பார். பிறகு, “ரிஜிஸ்டர் சேர்ந்திருக்கா?” என்று, வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று பிசகாமல் விழுந்திருக்கின்றனவா என ஓரத்தைப் பார்ப்பார். கடைசியில்தான் படத்தில் இருப்பது முருகனா, கிளியா என்று கவனிப்பார். எனக்கும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. நியூயார்க்கைச் சேர்ந்த கின்னி புகையிலைக் கம்பெனி ‘மிலிட்டரி சீரீஸ்’ என்ற பெயரில் வெளியிட்ட அட்டை ஒன்று, நண்பர் ஒருவர் வழியாக என் கைக்கு வந்தது. அதையும் அப்படித்தான் பார்த்தேன். பிரெஞ்சுக் காலாட்படை வீரன் ஒருவன் நிற்கிறான். நீலக் கோட்டு, சிவப்புக் காற்சட்டை. வெறும் கண்ணுக்கு அவன் முகம் மழமழவென்று தெரிகிறது. லென்ஸுக்கு அடியில் அது மணல் மணலாக உதிர்ந்துவிடுகிறது. வெளிர் சிவப்பு, பழுப்பு, நீலம் எனக் கன்னத்தில் மட்டும் நூற்றுக்கணக்கான புள்ளிகள். அத்தனையும் கையால் வைத்தவை. லித்தோ முறையில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனிக் கல். ஒரு வண்ணம் அச்சாகி உலர்ந்த பிறகு அதே தாளை அடுத்த கல்லில் ஏற்றுவார்கள். காற்சட்டையின் சிவப்பு ஒரு மயிரிழை வெளியே வழிந்திருக்கிறது. என் தந்தை பார்த்திருந்தால் அந்தத் தாளை ஒதுக்கியிருப்பார்.

ரிஜிஸ்டரைப் பார்த்து முடித்த பிறகுதான் வேறொன்று கண்ணில் பட்டது. இந்த வீரன் எதுவுமே செய்யவில்லை. எதிரி இல்லை, புகை இல்லை, பூட்ஸில் சேறு இல்லை. தையல்காரர் கடை வாசலில் அளவு சரிபார்க்க நிற்பவனைப் போல நிற்கிறான். இந்த வரிசைகளில் வந்த அட்டைகளில் பெரும்பாலானவை இப்படித்தான். நாடு, படைப்பிரிவு, பதவி, ஆண்டு ஆகியவற்றைச் சொல்லும் ஒரு வரி. அதற்கு மேல் கசங்காத உடுப்பில் ஒரு மனிதன். போரைப் பற்றிய படங்கள் என்று இவற்றைச் சொல்வதைவிட, உடுப்பைப் பற்றிய படங்கள் என்று சொல்வதே சரி. ஏன் இப்படி என்பதுதான் இன்று நான் பேச வந்த விஷயம்.

அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1865 ஏப்ரல். அமெரிக்க உள்நாட்டுப் போரின் கடைசி நாட்கள். வட கரோலினாவில் டர்ஹாம் என்ற சிறிய ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், பென்னட் என்ற விவசாயியின் வீட்டில், வடக்கின் தளபதி ஷெர்மனும் தெற்கின் தளபதி ஜான்ஸ்டனும் சரணடைவு பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். இரு தரப்புச் சிப்பாய்களும் வேலையின்றிக் காத்திருந்தார்கள். அருகே ஜான் கிரீன் என்பவருக்குப் புகையிலைத் தொழிற்கூடம் ஒன்று இருந்தது. அதில் இருந்ததை எல்லாம் சிப்பாய்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். கிரீன் தலையில் கைவைத்து உட்கார்ந்திருப்பார். ஊருக்குப் போன சிப்பாய்களோ அந்த ருசியை மறக்காமல், இன்னும் அனுப்ப முடியுமா என்று கடிதம் எழுதத் தொடங்கினார்கள். டர்ஹாம் புகையிலை நாடெங்கும் பெயர் பெற்றது அப்படித்தான். அதே வட்டாரத்தைச் சேர்ந்தவர் வாஷிங்டன் டியூக். தெற்குப் படையில் இருந்து சிறைப்பட்டவர். விடுதலையான பிறகு நூறு மைலுக்கு மேல் நடந்தே வீடு திரும்பி, மிச்சமிருந்த புகையிலையை வைத்துத் தொழிலை ஆரம்பித்தார். அவர் மகன் ஜேம்ஸ் டியூக்தான் பின்னாளில் உலகச் சிகரெட் வணிகத்தையே தன் கைக்குள் கொண்டுவந்தவர். சிப்பாய்க்கும் புகையிலைக்கும் உறவு விளம்பரத்தில் தொடங்கியது அல்ல. அது போர்க்களத்தின் ஓரத்தில் முன்பே தொடங்கிவிட்டது.

ஆனாலும் சிகரெட்டுக்கு அங்கே மதிப்பு இல்லை. ஆண்பிள்ளை என்றால் புகையிலையை மென்று துப்ப வேண்டும், இல்லையென்றால் சுருட்டோ பைப்போ பிடிக்க வேண்டும். வெள்ளைத் தாளில் சுற்றிய மெல்லிய சிகரெட்டைப் பள்ளிப் பையன்களுக்கும் நகரத்து மைனர்களுக்கும் உரியது என்று இளக்காரமாகப் பார்த்தார்கள். கையால் சுற்ற வேண்டியிருந்ததால் விலையும் குறையவில்லை. தேர்ந்த கை ஒரு நிமிடத்தில் நான்கு சுற்றும். ரிச்மண்ட் நகரில் ஆலன் அண்ட் ஜின்டர் கம்பெனி இதற்கென்றே ஏராளமான இளம்பெண்களை வேலைக்கு வைத்திருந்தது. சிகரெட் சுற்றும் இயந்திரம் கண்டுபிடிப்பவருக்கு 75,000 டாலர் பரிசு என்று அறிவித்ததும் அந்தக் கம்பெனிதான். ஜேம்ஸ் பான்சாக் என்ற இளைஞர் இயந்திரத்தைச் செய்து 1881இல் காப்புரிமையும் பெற்றுவிட்டார். நிமிடத்துக்கு 200க்கு மேல் சுற்றியது அது. சோதித்துப் பார்த்த ஆலன் அண்ட் ஜின்டர் வேண்டாம் என்று சொல்லிவிட்டது. டியூக் எடுத்துக்கொண்டார். 1883இல் ஆயிரம் சிகரெட்டுக்கான வரி 1.75 டாலரிலிருந்து 50 சென்ட்டுக்கு இறங்கியது. பத்து சிகரெட் பெட்டியை டியூக் ஐந்து சென்ட்டுக்குக் கொடுத்தார்.

இங்கேதான் பிரச்சினை. இயந்திரம் மலையாகக் குவிக்கிறது, ஊதுவதற்கு ஆள் இல்லை. எல்லாக் கம்பெனிகளின் சரக்கும் ஏறத்தாழ ஒரே சரக்கு, விலையும் ஒன்றுதான். வாங்குபவன் கை எந்தப் பெட்டிக்குப் போகும்? பெட்டிகள் அப்போது மெல்லிய தாளால் ஆனவை. சட்டைப்பையில் சிகரெட் நசுங்காமல் இருக்க உள்ளே ஒரு வெற்று அட்டையைச் செருகுவார்கள். அந்த வெற்று அட்டையில்தான் படம் வந்தது. எப்படியும் செலவு செய்துதான் ஆக வேண்டிய அட்டையை விற்பனையாளனாக மாற்றிய யோசனை அது. டியூக் மட்டும் 1889இல் விளம்பரத்துக்காக எட்டு லட்சம் டாலர் செலவழித்தார் என்று சொல்வார்கள்.

படம் என்றால் எந்தப் படம்? சுலபமாகக் கண்ணை இழுத்தவை நடிகைகளின் படங்கள். அவற்றில் அரைகுறை உடை அணிந்தவையும் இருந்தன. பெட்டிக்குள் இப்படிப் படம் வைக்கிறாயே என்று, பக்தரான வாஷிங்டன் டியூக் 1894இல் சொந்த மகனுக்கே வருத்தப்பட்டுக் கடிதம் எழுதினார். போர்வீரன் படத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. தகப்பன் மகனிடம் தயங்காமல் கொடுக்கலாம், பாதிரியார் பார்த்தாலும் முகம் சுளிக்க மாட்டார். பெண்மைச் சாயல் உள்ளது என்று இகழப்பட்ட பண்டத்துக்குப் பக்கத்தில் மீசை முறுக்கிய குதிரைப்படை வீரன் நின்றால், அந்த மீசையின் மிடுக்கில் கொஞ்சம் சிகரெட்டுக்கும் ஒட்டும். கின்னி கம்பெனியின் புகழ்பெற்ற மார்க்கின் பெயரே ‘ஸ்வீட் கேப்பரல்’. பிரெஞ்சில் கேப்பரல் என்றால் படையில் கடைநிலைச் சிப்பாய்க்கு ஒரு படி மேலே உள்ளவன். சிப்பாய்ப் புகையிலையைவிட ஒரு தரம் உயர்ந்த புகையிலைக்குப் பிரான்ஸில் அந்தப் பெயர் வழங்கியது.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. அது உடுப்பின் தன்மையிலேயே இருக்கிறது. நடிகையை மாற்றினால் முகம் மாறும். ராணுவ உடுப்பு அப்படி அல்ல. ஒவ்வொரு நாட்டுக்கும் காலாட்படை, குதிரைப்படை, பீரங்கிப்படை, கடற்படை. ஒவ்வொரு படையிலும் பல பிரிவுகள். ஒவ்வொரு பிரிவிலும் பல பதவிகள். பொத்தானில் ஒரு வேறுபாடு, தொப்பி இறகில் ஒரு வேறுபாடு. ஐரோப்பியப் படைகள் போதாவிட்டால் அமெரிக்க மாநிலங்களின் படைகள், அவையும் தீர்ந்தால் சுதந்திரப் போர்க் காலத்து உடுப்புகள். தீராத சுரங்கம் அது. கின்னியின் மிலிட்டரி சீரீஸ் 600 அட்டைகளைத் தாண்டிப் போனது இதனால்தான். அப்போது அமெரிக்கச் சட்டம் ராணுவத்துக்கு அனுமதித்த சிப்பாய்களின் எண்ணிக்கை 25,000 மட்டுமே. நாட்டில் சிப்பாய்கள் குறைந்திருந்த காலத்தில் சட்டைப்பைகளில் சிப்பாய்கள் நிறைந்திருந்தார்கள்.

இந்த இடத்தில் ஒரு சின்னக் கணக்கு. பத்து சிகரெட்டுக்கு ஒரு அட்டை. 50 அட்டை கொண்ட வரிசையை முடிக்க எத்தனை பெட்டி வாங்க வேண்டும்? ஐம்பது என்று தோன்றும். ஆனால் எந்தப் பெட்டியில் எந்த அட்டை என்று வெளியிலிருந்து தெரியாது. முதல் பத்து வேகமாகச் சேரும். நாற்பதைத் தாண்டினால் வந்ததே திரும்பத் திரும்ப வரும். எல்லா அட்டையும் சம அளவில் கலந்திருப்பதாக வைத்துக்கொண்டால்கூட, சராசரியாக 225 பெட்டி ஆகும். அதாவது 2,250 சிகரெட். கடைசி ஒரே ஒரு அட்டைக்கு மட்டும் சராசரி 50 பெட்டி. 600 அட்டை வரிசை என்றால் நாலாயிரம் பெட்டியைத் தாண்டும், சிகரெட் நாற்பதாயிரத்துக்கு மேல். ஒரு ஆள் இதை ஊதி முடிக்க முடியாது. அதனால்தான் அட்டை தெருவுக்கு வந்தது. சிகரெட் வாங்கி வெளியே வரும் பெரியவர்களிடம் அட்டை கேட்டுப் பையன்கள் கடை வாசலில் நின்றார்கள், பள்ளிக்கூடத்தில் பண்டமாற்று நடந்தது. கேட்டுக் கிடைக்காதவன் தானே பெட்டி வாங்கினான். எனக்கு இந்த அட்டைகளின் அழகு பிடிக்கும். இந்த ஒரு இடத்தில் மட்டும் மனசு சுருங்கிவிடும். குழந்தையின் ஆசைதான் இந்த இயந்திரத்துக்குப் போட்ட எண்ணெய்.

ஆசையை எழுப்பிய இடம் அட்டையின் முகம் அல்ல, முதுகு. ஆலன் அண்ட் ஜின்டர் தங்கள் அட்டைகளின் பின்புறத்தில் வரிசையின் முழுப் பட்டியலையும் அச்சிடும் வழக்கம் வைத்திருந்தார்கள். முன்புறம் உன்னிடம் இருப்பதைக் காட்டும், பின்புறம் உன்னிடம் இல்லாததைச் சொல்லும். ஐம்பது பெயர்களைப் படித்துக்கொண்டே போகிற பையனின் விரல் எந்தப் பெயரில் நிற்கும் என்பது கம்பெனிக்குத் தெரிந்திருந்தது. கூப்பன்களைச் சேர்த்து அனுப்பினால் அதே படங்களைப் பெரிய ஆல்பமாக அச்சிட்டுத் தரும் ஏற்பாடும் அவர்களிடம் இருந்தது. ‘பார்வைக்கு விருந்து’ என்று விளம்பரத்தைச் சொல்வோம். இது பசிக்கு விருந்து வைக்காமல் பசியையே விற்ற விளம்பரம்.

இனி தளபதிகளுக்கு வருகிறேன். 1886இல் ஆலன் அண்ட் ஜின்டர் ‘மாபெரும் தளபதிகள்’ என்று 50 அட்டைகள் வெளியிட்டது. 1888இல் டியூக் கம்பெனி உள்நாட்டுப் போர்த் தளபதிகளின் சரித்திரங்களைச் சிறு சிறு புத்தகங்களாக அச்சிட்டுப் புகையிலையுடன் கொடுத்தது. வடக்கின் கிராண்ட் ஒரு புத்தகம், தெற்கின் ராபர்ட் லீ ஒரு புத்தகம், இரண்டும் ஒரே அளவு, ஒரே அச்சு, ஒரே மரியாதை. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்ட போர் முடிந்து இருபத்து மூன்று ஆண்டுகளே ஆகியிருந்தன. கால் இழந்தவர்கள், கை இழந்தவர்கள் அந்தத் தெருக்களில் இன்னும் நடமாடிக்கொண்டிருந்தார்கள். வியாபாரிக்கு நியூயார்க்கிலும் விற்க வேண்டும், ரிச்மண்டிலும் விற்க வேண்டும். ஆலன் அண்ட் ஜின்டரின் லூயிஸ் ஜின்டரே நியூயார்க்கில் பிறந்து தெற்குப் படையில் மேஜராக இருந்தவர். எந்தப் பக்கத்தையும் நோகடிக்காத சமரசம் ஒன்று அட்டையில் உருவானது. இரு தரப்பும் வீரர்கள், இரு தரப்பும் கனவான்கள். எதற்காகச் சண்டை போட்டார்கள் என்பது மட்டும் அந்தச் சமரசத்தில் விடுபட்டுப் போனது.

விடுபட்டது சாதாரண விஷயம் அல்ல. சண்டை நடந்தது அடிமை முறையின் பேரில். அடிமைகளின் கைகளால் விளைந்த முக்கியப் பயிர்களில் ஒன்று இதே வர்ஜீனியாப் புகையிலை. ஏறத்தாழ 1,80,000 கறுப்பின வீரர்கள் வடக்குப் படையில் சேர்ந்து போராடினார்கள். தளபதிகளின் வரிசை என்று தலைப்பு வைத்ததுமே அவர்களுக்கு அங்கே இடமில்லாமல் போய்விடுகிறது. எந்தத் தலைப்பில் வரிசை போடுவது என்ற முடிவிலேயே வரலாறு வடிகட்டப்பட்டுவிடுகிறது. போருக்குப் பிந்தைய ஒரு தலைமுறைக்கு வண்ணத்தில், மலிவாக, கையடக்கமாகக் கிடைத்த வரலாற்றுப் பாடம் இந்த அட்டைதான் என்பதை நினைத்தால் இதன் கனம் புரியும்.

கிராண்ட் பற்றி ஒரு செய்தியைச் சொல்லாமல் போக முடியவில்லை. 1862இல் டொனல்சன் கோட்டையை அவர் பிடித்தபோது, கையில் சுருட்டோடு இருந்தார் என்று பத்திரிகைகள் எழுதின. மகிழ்ந்துபோன மக்கள் அவருக்குப் பெட்டி பெட்டியாகச் சுருட்டு அனுப்பினார்கள். ஆயிரக்கணக்கில் வந்து குவிந்தன. 1885 ஜூலையில் அவர் தொண்டைப் புற்றுநோயால் இறந்தார். மூன்று ஆண்டுகளுக்குள்ளாகவே அவர் முகம் புகையிலை விற்க வந்துவிட்டது.

ஆலன் அண்ட் ஜின்டர் அதே 1888இல் அமெரிக்கப் பழங்குடித் தலைவர்களை 50 அட்டைகளாக வெளியிட்டது. அச்சு அழகில் எனக்கு எல்லாவற்றிலும் மேலாகத் தோன்றுவது அந்த வரிசைதான். இறகுகளிலும் மணிமாலைகளிலும் கல்லில் புள்ளி வைத்தவர்களின் கை அவ்வளவு பொறுமையாகப் போயிருக்கிறது. அதில் ஜெரோனிமோவின் அட்டை உண்டு. அந்த அட்டை பெட்டிக்குள் போன நாளில் ஜெரோனிமோ எங்கே இருந்தார்? 1886இல் சரணடைந்து, சொந்த மண்ணிலிருந்து வெகுதூரத்தில் ராணுவத்தின் கைதியாக இருந்தார். அதே வரிசையில் இருந்த சிட்டிங் புல் 1890 டிசம்பரில், கைது செய்ய வந்தவர்களால் சுட்டுக் கொல்லப்பட்டார். சரியாக இரண்டே வாரத்தில், வூண்டட் நீ ஓடைக்கரையில் பழங்குடியினர் படுகொலை செய்யப்பட்டார்கள். பிரஷ்யச் சிப்பாயின் அட்டை எங்கோ தூரத்து நாட்டின் வேடிக்கை. இந்த அட்டைகளில் இருந்தவர்களோ, அட்டையை அச்சிட்ட நாட்டின் படையால் அந்த நேரத்திலேயே ஒடுக்கப்பட்டுக்கொண்டிருந்த மனிதர்கள்.

இந்த அட்டைகளின் பொற்காலம் வியக்கத்தக்க வேகத்தில் முடிந்துபோனது. 1890 ஜனவரியில் டியூக், ஆலன் அண்ட் ஜின்டர், கின்னி, குட்வின், கிம்பல் ஆகிய ஐந்து கம்பெனிகளும் அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி என்று ஒன்றாகின. போட்டி போனது. அதன் பிறகு அட்டைகளும் குறைந்தன. வாடிக்கையாளருக்கு அன்போடு கொடுத்த பரிசு என்றால் அது ஏன் நிற்க வேண்டும்? ஒருவரை ஒருவர் வீழ்த்த வைத்திருந்த ஆயுதம் அது. எதிரி இல்லாதபோது ஆயுதத்துக்கு வேலை இல்லை.

பழக்கம் கடல் கடந்து பிரிட்டனுக்குப் போனது. தென்னாப்பிரிக்கப் போரின்போது தளபதிகளின் முகங்கள் அங்கேயும் பெட்டிகளில் வந்தன. வில்ஸ் கம்பெனி வாட்டர்லூ போரின் நூற்றாண்டுக்காக 1915இல் 50 அட்டைகளைத் தயாரித்து வைத்திருந்தது. ஆனால் அப்போது நடந்துகொண்டிருந்த முதல் உலகப் போரில் பிரான்ஸ் பிரிட்டனின் தோழன். நெப்போலியனைத் தோற்கடித்த பெருமையை அந்த நேரத்தில் பேசினால் நண்பன் மனம் புண்படும் என்று அத்தனையையும் வெளியிடாமல் நிறுத்திவிட்டார்கள். கின்னி அட்டையில் நிற்கும் என் பிரெஞ்சு வீரனின் வாரிசுகள், அதற்கு முந்தைய ஆண்டு ஆகஸ்டில், அதே சிவப்புக் காற்சட்டையோடுதான் ஜெர்மன் இயந்திரத் துப்பாக்கிகளுக்கு எதிரே போய் நின்றார்கள். தூரத்திலிருந்தே குறிவைக்க உதவிய சிவப்பு அது. விரைவிலேயே அதைக் கழற்றிவிட்டு மங்கிய நீலத்துக்கு மாறினார்கள். அட்டையில் வண்ணம் விற்றது, களத்தில் வண்ணம் கொன்றது.

நம் நாட்டுக்கும் ஒரு கிளை வந்தது. இம்பீரியல் டொபாக்கோ 1910இல் கல்கத்தாவில் தொடங்கியது. வில்ஸின் ‘சிசர்ஸ்’ சிகரெட்டை, நம் தாத்தாக்கள் கத்தரி மார்க் என்று சொன்னதை, இங்கே பலருக்கு நினைவிருக்கும். அந்தப் பெட்டிகளில் 1912இல் ‘இந்திய ரெஜிமென்டுகள்’ என்ற 50 அட்டை வரிசை வந்தது. தலைப்பாகையும் இடைக்கச்சையுமாக நம் ஊர்ச் சிப்பாய்கள் அதில் நிற்கிறார்கள். கின்னியின் வீரன் நின்ற அதே நிலை, அதே கசங்காத உடுப்பு.

கடைசியாக ஒரு மனிதரைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். ஜெஃபர்சன் பர்டிக் நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸ் நகரில் மின்சாதனத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தவர். திருமணம் செய்துகொள்ளாதவர், கடுமையான மூட்டுவாதத்தால் அவதிப்பட்டவர். குப்பை என்று மற்றவர்கள் எறிந்த இந்த அட்டைகளை வாழ்நாள் முழுக்கச் சேர்த்தார், முறையான அட்டவணையும் தயாரித்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் புகையிலை அட்டைகளுக்கு ‘என்’ என்ற எழுத்தைக் கொடுத்தவர் அவர்தான். கின்னியின் மிலிட்டரி சீரீஸ் இன்றும் ‘என் 224’. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட அட்டைகளை நியூயார்க் மெட்ரோபாலிட்டன் கலைக்கூடத்துக்குக் கொடுத்து, அங்கேயே ஒரு மேஜையில் உட்கார்ந்து ஆண்டுக்கணக்கில் தானே ஆல்பங்களில் ஒட்டினார். கோட்டைக் கழற்றவே விரல்கள் ஒத்துழைக்காத நிலையிலும் ஒட்டினார். 1963 ஜனவரியில் ஒரு மாலை வேலையை முடித்துவிட்டு, இனி வரமாட்டேன் என்று சொல்லிக்கொண்டு எழுந்தார். மறுநாள் மருத்துவமனையில் சேர்ந்தார். இரண்டே மாதத்தில் மறைந்தார்.

அவர் கொடுத்த கொடையால்தான் இன்று நான் இவ்வளவும் பேச முடிந்தது. அந்தப் பெரியவரிடம் எனக்கு ஒரே ஒரு குறை உண்டு. அவர் பசை தடவி ஒட்டினார். ஒட்டிய அட்டையின் முதுகைப் படிக்க முடியாது.

உங்கள் வீட்டுப் பரணிலோ டிரங்குப் பெட்டியிலோ கத்தரி மார்க் அட்டைகள் கிடைத்தால் தயவுசெய்து நோட்டில் ஒட்டாதீர்கள், ரப்பர் பேண்டு போட்டுக் கட்டாதீர்கள். ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தாளில் வையுங்கள். படம் எடுத்து அனுப்பினால் இரண்டு பக்கத்தையும் எடுத்து அனுப்புங்கள். பின்பக்கம் முதலில்.